சுவரில் ஒட்டியதும் கிணற்றில் கிடந்ததும்

ஜூலை 9, ஸ்ரீரங்கம்

செருப்பை வாசலில் விட்டு உள்ளே சென்றபோது நண்பகல் நெருங்கியிருந்தது. பிராகாரத்துக் கற்கள் தோசைக்கல்லைப் போலக் கொதித்தன. நான் கால் மாற்றிக் கால் வைத்துத் துள்ளுவதைப் பார்த்த பூக்காரப் பெண்மணி ஒருவர், "ஓரமா வாங்க தம்பி, அந்த வெள்ளைக் கோட்டுல நடங்க" என்று வழி காட்டிவிட்டு, ஒரு சாக்குத் துண்டை எடுத்துக் காலடியில் போட்டார். பத்து ரூபாய்க்குத் துளசி வாங்கினேன். வாங்காவிட்டாலும் அவர் போட்டிருப்பார் என்றுதான் தோன்றியது.

விடுதலைப் போராட்டத்துக்குத் தமிழ்நாட்டு மக்களைச் சேர்த்ததில் எந்தக் காகிதத்துக்கு, எந்த எழுத்துக்கு அதிகப் பங்கு என்ற கேள்வியோடு கிளம்பிய பயணம் இது. முதலில் நான் தேடி வந்தது சுவர். 1801ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று, சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது ஆங்கிலேயருக்கு எதிராக வெளியிட்ட அறிக்கையின் ஒரு படி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாசலிலும், இன்னொரு படி இந்தக் கோயிலின் மதிலிலும் ஒட்டப்பட்டன. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். எந்த மதில், எந்தப் பக்கம் என்று நான் கேட்டவர்களில் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு காவலர் மட்டும் பொறுமையாக யோசித்துவிட்டு, "ஏழு சுத்து மதில் இருக்குங்க, எதுன்னு சொல்றது?" என்றார். நியாயமான பதில்.

ஒட்டுவதற்கு ஏன் இந்தக் கோயிலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் அங்கு நின்றபோது எளிதாகப் புரிந்துகொள்ள முடிந்தது. உள்நாட்டினர் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாட்டில், ஒரு செய்தியை ஆயிரம் பேரிடம் சேர்க்க ஆயிரம் படிகள் எழுத முடியாது. ஆயிரம் பேர் வந்துபோகும் இடத்தில் ஒரு படியை ஒட்டலாம். நான் நின்ற அரை மணி நேரத்தில் என்னைக் கடந்து தெலுங்கு, கன்னடம், கொங்குத் தமிழ், மதுரைத் தமிழ் எல்லாம் போயின. படிக்கத் தெரிந்த ஒருவர் நின்று உரக்கப் படித்தால், அதைக் கேட்டவர் தம் ஊர் திரும்பும்போது செய்தியும் கூடவே போய்விடும்.

அந்த அறிக்கை யாரை நோக்கிப் பேசியது என்பதும் முக்கியம். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று அனைவரையும் பெயர் சொல்லி அழைத்தது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சம்பளத்துக்கு இருந்த சுபேதார், ஜமேதார், சிப்பாய்களையும் விட்டுவிடவில்லை. ஆர்க்காட்டு நவாப் முட்டாள்தனமாக இடம் கொடுத்ததால் ஐரோப்பியர் வஞ்சகமாக நாட்டைக் கைப்பற்றிக்கொண்டனர் என்று காரணத்தையும் கூறியது. இறுதியில், இதைச் சுவரிலிருந்து கிழிப்பவரைப் பெரும் பாவங்கள் சேரும் என்று எச்சரித்தது. கிழிப்பார்கள் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்கள். காவலுக்கு ஆள் நிறுத்த முடியாத இடத்தில் பாவத்தை நிறுத்தினார்கள் என்று நினைத்தபோது, அந்த வெயிலிலும் சிரிப்பு வந்தது.

மாலையில் மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் ராணி மங்கம்மாள் மகாலுக்குச் சென்றேன். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வாசல் கம்பிகள் வழியாகத் தூண்களைப் பார்த்துவிட்டு, எதிர்ச்சந்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு காபி குடித்தேன். காபி மிக நன்றாக இருந்தது என்பதைப் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 10, திருப்பத்தூர், காளையார்கோவில்

புதுக்கோட்டை வழியாகத் திருப்பத்தூர். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் இது. நினைவு மண்டபத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் இருபது மாணவர்களை வரிசையில் நிறுத்திச் செய்தியைக் கூறிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் முன்பே பின்வரிசையில் தண்ணீர்ப் புட்டிக்காக ஒரு சண்டை தொடங்கிவிட்டது.

ஜூனில் அறிக்கை ஒட்டியவர்கள் அக்டோபரில் தூக்கு மேடை ஏறினார்கள் என்றால், அந்தக் காகிதத்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். போர் உண்மையில் பரவியது. திண்டுக்கல், இராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளிலும் கிளர்ச்சிக்காரர்கள் இயங்கினார்கள். ஆனால் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. காகிதத்துக்குக் காகிதத்தாலேயே பதில் சொன்னது. எதிர் அறிக்கைகளை வெளியிட்டு, படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைச் சீமைக்கு உரியவராக அறிவித்து முடி சூட்டியது. பழைய அரச குடும்பத்தின் மேல் பற்றுக்கொண்ட மக்களுக்கு, மருதுவின் பக்கம் நிற்பதா, உடையத் தேவரின் பக்கம் போவதா என்ற குழப்பம் அன்றே தொடங்கியது. பீரங்கியைவிட அந்த அறிவிப்புதான் மருதுவின் ஆள்பலத்தை அதிகம் கரைத்தது என்பது என் எண்ணம். தோல்விக்குப் பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 70க்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

காளையார்கோவிலில் மருதிருவரின் சமாதி கோயிலுக்கு எதிரே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு அருகில் மதியச் சாப்பாடு எண்பது ரூபாய். கேட்காமலேயே இரண்டாம் முறை ரசம் ஊற்றியவர், நான் போதும் என்று இலையை மடித்ததும், "என்னண்ணே, மோர் இருக்குல்ல" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஜூலை 11, மணியாச்சி, ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி

நிலையத்தின் பெயர்ப்பலகை வாஞ்சி மணியாச்சி என்றிருக்கிறது. நடைமேடையில் வேப்பமரக் காற்றும் செம்மண் புழுதியும் போட்டி போட்டன. 1911 ஜூன் 17 அன்று, கொடைக்கானலுக்குப் போகும் வழியில் வண்டி மாறுவதற்காக இங்கே காத்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை, செங்கோட்டை வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிச் சுட்டுக் கொன்றார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது.

கடிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைத் தொடர்ந்த சோதனைகளில் சிக்கிய இரண்டு தமிழ்த் துண்டுப் பிரசுரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒன்று 'ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்'. மற்றொன்று, அபிநவ பாரத சமாஜம் என்ற ரகசியப் புரட்சி அமைப்பில் சேர விரும்புவோர் எடுத்துக்கொள்ள வேண்டிய உறுதிமொழி. இரண்டும் புதுச்சேரியில் அச்சானவை. பரங்கியரை ஒழிக்கும் அச்சுக்கூடம் என்ற பொருளில் ஒரு கற்பனைப் பெயர்தான் அவற்றில் அச்சிட்டவராகக் குறிக்கப்பட்டிருந்தது. கையில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும் காகிதம் அது. எனவே கைமாறிக் கைமாறி, நம்பிக்கையானவர்களுக்குள் மட்டுமே சுற்றியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்து மதிலை முந்தாநாள் பார்த்துவிட்டு வந்த எனக்கு, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் மனத்தை உறுத்தியது. 1801இல் எழுதியவர் சாதி, மதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, எல்லோரும் வாருங்கள் என்று தெருவில் நின்று கூப்பிட்டார். 1911இன் காகிதம் தலைப்பிலேயே ஆரியர்களே என்று ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசியது. தனி மனிதர்களின் உயிரைத் துறக்கும் துணிவை அதனால் உண்டாக்க முடிந்தது. ஊரைத் திரட்ட முடியவில்லை. வாஞ்சியின் தியாகத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். நான் பேசுவது காகிதத்தைப் பற்றி.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு மாலையில் தூத்துக்குடி சேர்ந்தேன். தானி ஓட்டியவர் நான் சுற்றிய கதையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தூரம் இதுக்காவா வந்திய?" என்று வியந்தார். பிறகு, பேசிய கூலியில் இருபது ரூபாயைக் குறைத்துக்கொண்டார். வியப்பா, இரக்கமா என்று தெரியவில்லை.

வ.உ.சி. தொடங்கிய கப்பல் நிறுவனமான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானபோது, அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இருபத்தைந்து ரூபாய் அந்தக் காலத்தில் சின்னத் தொகை இல்லை என்றாலும், சிறு வணிகர் ஒருவர் முயன்றால் எட்டக்கூடிய தொகை. பங்கு வாங்குங்கள் என்று பாரதியின் 'இந்தியா' வார இதழ் மன்றாடி எழுதியது. விடுதலையை ஆதரிக்கிறேன் என்று வாயால் சொல்வதற்கும், அதற்காகப் பணம் கட்டிப் பங்குப் பத்திரம் வாங்கிப் பெட்டியில் வைப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைத்த எழுத்து எனக்கு வெடிகுண்டு பேசும் எழுத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி பற்றி எரிந்ததற்கும், ஆலைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்ததற்கும் பின்னால் கடற்கரைக் கூட்டங்களில் நாள்தோறும் நடந்த பேச்சுகள் இருந்தன. படிக்கத் தெரியாதவர்களிடமும் அவை போய்ச் சேர்ந்தன.

இதே ஊரில் ஆஷுக்கும் நன்கொடை திரட்டிக் கட்டிய நினைவு மண்டபம் ஒன்று நிற்கிறது. நன்கொடை கொடுத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தாம் என்பதை மறந்துவிட்டு மக்கள் ஆதரவு என்று மொத்தமாகப் பேசுவது சரியாகாது.

கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். முட்டையின் வெண்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்து வாயில் வைத்ததும் கரையும் பண்டம். விடுதி அறைக்குள் நுழைவதற்குள் பாதி காலி.

ஜூலை 12, பேருந்தில்

இராமநாதபுரம், தொண்டி, முத்துப்பேட்டை என்று கடலோரமாகவே வேதாரண்யம் போவது நல்ல யோசனையாகத் தோன்றியது. தொண்டியைத் தாண்டியதும் சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. நிழலில்லாத சாலையில் இரண்டு மணி நேரம் நின்றோம். நுங்கு விற்றவரிடம் பயணிகள் அனைவரும் வாங்கியதில் அவருடைய கூடை தீர்ந்துபோனது. ஓர் இஸ்லாமியப் பெரியவர் தன் குடையை ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நடத்துநர் யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு வேதாரண்யம் சேர்ந்தபோது சூடாகக் கிடைத்தது இரண்டு இட்லி மட்டுமே.

ஜூலை 13, வேதாரண்யம்

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் இன்றும் உப்பளங்கள். காலை எட்டு மணிக்கே வெண்மை கண்ணைக் கூசியது.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ.ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் மாத இறுதியில் இங்கு வந்து சேர்ந்தனர். இந்த நடைப்பயணத்தில் துண்டறிக்கையை அதிகம் நம்பியவர் காங்கிரஸ்காரர் அல்லர், தஞ்சை ஆட்சியர் தார்ன். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அவர் பத்திரிகைகளிலும் துண்டறிக்கைகளிலும் அறிவித்தார். போதாதென்று ஊர் ஊராகத் தண்டோராவும் போட வைத்தார். விளைவு அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. தொண்டர்கள் எந்த வழியாக வருகிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்ற செய்தியை அரசாங்கமே தன் செலவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. உணவு கொடுத்தவர் யாரென்று தெரியாதபடி, வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் அண்டாக்களைப் புதைத்து அடையாளம் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு என்று சொல்வார்கள்.

காங்கிரஸ் தரப்பின் கருவி பாட்டு. நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை இந்தப் பயணத்துக்காகவே எழுதிய 'கத்தியின்றி ரத்தமின்றி' வழிநடைப் பாட்டாகப் பாடப்பட்டது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அச்சிட்ட காகிதத்தின் வேலை ஒரு பாடகரின் கைக்குப் போய்ச் சேர்வதோடு முடிந்துவிடுகிறது. மிச்சத்தை அவருடைய தொண்டை பார்த்துக்கொள்கிறது.

முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பனுக்கும் இந்த ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. தான் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடித்துவிட்டார் என்றும், அதற்காகச் சிறை சென்றார் என்றும் கூறப்படுகிறது. தேநீர்க் கடையில் இதை எனக்கு விவரித்தவர், போலீஸ்காரரின் முகத்தில் எந்தப் பக்கம் மிச்சம் இருந்தது என்பதுவரை நடித்துக் காட்டினார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார்கள். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

ஜூலை 14, புதுச்சேரி

வந்து இறங்கியதும் மழை. குறிப்பேட்டின் மேல் பக்கங்கள் நனைந்து, ஒட்டப்பிடாரம் முழுவதும் நீல மையாகக் கரைந்துபோனது. தானிக்காரர் ஒரு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது கேட்டார். நடந்தேன்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சென்னையில் 'இந்தியா' இதழின் சட்டப்படியான ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் 1908இல் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றபோது, பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊருக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இதழ் இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. 1910 மார்ச்சில் நின்றது. நிறுத்தியது பிரெஞ்சு அரசு இல்லை. எல்லைக்கு அப்பால் உள்ள வாசகர்களிடம் அது போய்ச் சேரக்கூடாது என்று ஆங்கில அரசு வழியை அடைத்துவிட்டது. எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் உரிமையிருந்தும், வாசகர் தபாலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் பத்திரிகை எப்படி நடக்கும்? அடுத்த ஆண்டிலேயே பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரண்டு சிறு நூல்களையும் தடை செய்தார்கள். ஒன்று தன் இளமையைப் பற்றிய கவிதை. மற்றொன்று தீண்டாமைக்கு எதிரான கதை. தடை செய்தவர்கள் படித்துவிட்டுத்தான் தடை செய்தார்களா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த ஊரில் எனக்குப் பிடித்த கதை கிணற்றுக் கதை. ஆஷ் கொலைக்குப் பிறகு புதுச்சேரியில் ஆங்கில ஒற்றர்கள் நிறைந்திருந்தனர். இங்குள்ள அரசியல் அகதிகளைப் பிரெஞ்சுக்காரர்களே வெளியேற்றும்படி செய்ய வேண்டுமென்றால், அவர்கள் வீட்டில் ஏதாவது சிக்க வேண்டும். எதுவும் சிக்காததால், ராஜத் துரோகப் பிரசுரங்களைத் தாங்களே ஒரு பாத்திரத்தில் அடைத்து, அந்த அகதிகளில் ஒருவரான வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போட ஏற்பாடு செய்தனர். போலீஸ் வருவதற்கு முன்பே, தண்ணீர் இறைத்தபோது அது மேலே வந்துவிட்டது. அகதிகள் தாங்களே அதைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்கள். தொடர்ந்து விசாரணைக்காக அரவிந்தரின் வீட்டுக்குச் சென்ற நீதிபதி, மேசையில் கிரேக்க, இலத்தீன் நூல்களைப் பார்த்து வியந்து மரியாதையுடன் திரும்பினார். புகார் கொடுத்த ஒற்றன் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி ஓடிவிட்டான். ஒரு காகிதத்தைக் கண்டு எவ்வளவு பயந்திருந்தால், அந்த அரசு அதைத் தானே தயாரித்துக் கிணற்றில் போடும் நிலைக்கு வந்திருக்கும்!

இரவில் கடற்கரைச் சாலையில் மழை விட்டிருந்தது. நீள ரொட்டிக்குள் முட்டைப் பொரியலை அடைத்து அறுபது ரூபாய்க்கு விற்றார்கள். காரம் போதவில்லை.

ஜூலை 15, சென்னை

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்த சில குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தேன். காலணா, அரையணா விலையில் சந்தையிலும் ரயிலடியிலும் விற்கப்பட்டவை. மலிவான காகிதம், தேய்ந்த எழுத்து, எங்கும் அச்சுப் பிழை. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து பாடியவர்களே காந்தியையும் பகத்சிங்கையும் பாடினார்கள். அரசு இவற்றில் பலவற்றைத் தேடிப் பறிமுதல் செய்தது. ஓர் ஊழியர் மேசைக்கு வந்து, பக்கத்தை விரல் நுனியால் திருப்பாமல் கீழிருந்து தூக்கித் திருப்பும் முறையை அமைதியாகச் செய்து காட்டினார்.

பயணம் முழுவதும் என்னைத் தொடர்ந்த கேள்விக்கு என் விடை 1907இல் நடந்த ஒரு செயலில்தான் இருக்கிறது. வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. பாரதி சார்ந்திருந்த திலகர் கட்சியைக் கடுமையாக எதிர்த்தவர். பாரதியின் தேசப் பாடல்களைக் கேட்டதும் கட்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று பாடல்களை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கச் செய்தார். அதில் யாரையும் கொல்லச் சொல்லவில்லை, சத்தியம் எதுவும் வாங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கையில் போய்ச் சேர்ந்தது. மணியாச்சிக்கு இட்டுச்சென்ற காகிதத்தைவிட இந்த நாலு பக்கமே தமிழ்நாட்டில் விடுதலைக்கு அதிகம் பேரைச் சேர்த்தது என்று நான் நம்புகிறேன்.

1928இல் அரசு பாரதியின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் அதைக் கண்டித்துப் பேசிய சத்தியமூர்த்தி, படிகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டாலும் கடைசித் தமிழன் உள்ளவரை இந்தப் பாடல்கள் இருக்கும் என்ற பொருளில் பேசினார். முதல் அச்சுக்கு இருபத்தொரு ஆண்டுகள் கழித்து வந்த தடை அது. 1907இல் அந்தத் தாளை வாங்கிய பத்து வயதுச் சிறுவன் 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்திருந்தால் அவனுக்கு வயது முப்பத்து மூன்று.